கிணத்துத் தண்ணியிலை பழியைப் போட்டம்

அம்மாவுக்கு 4 வருசத்திலை மூண்டு தரம் சிறுநீரகக் கல்லு. சுன்னாகத்துக் கிணறு எங்கடை. கேத்தில் அடியிலை எப்பவும் வெள்ளைப் படை. "இந்தத் தண்ணியைக் குடிச்சாக் கல்லு வராமல் என்ன வரும்" எண்டு ஊரே சொல்லிச்சு. ஃபில்டர் பூட்டினம். கல்லு நிக்கேல்லை. பிறகு எலும்பு உளைவு, மலச்சிக்கல், எந்நேரமும் களைப்பு. தைரொயிட் எண்டு நினைச்சு நானே டி.எஸ்.எச். (தைரொயிட் வேலையைப் பாக்கிற ரத்தப் பரிசோதனை) செய்விச்சன். 2.1, நோர்மல். அதோடை விட்டிட்டம். ஒரு வருசம் போனது அங்கைதான்.

மூண்டாம் கல்லுக்குப் போனபோதுதான் ஒரு இளம் டொக்டர் ரத்தத்திலை கல்சியமும் அல்புமின் எண்ட புரதமும் பாக்க எழுதித் தந்தா. அல்புமின் சரி. கல்சியம் 11.6, 10.5க்குள்ளை நிக்கவேணும். அடுத்து பாராதைரொயிட் ஹோர்மோன்: 68. தாளிலை 65 வரை நோர்மல் எண்டு கிடந்தது. "கொஞ்சம்தானே கூட" எண்டன். "கல்சியம் இவ்வளவு ஏறினா இது அடங்கிக் கிடக்கவேணும். 50 வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டன்" எண்டா.

பாராதைரொயிட் எண்டது தைரொயிட்டுக்குப் பின்பக்கம் பருப்பு அளவிலை இருக்கிற நாலு சுரப்பியாம். அயலட்டைதான், வேலை வேறை. ரத்தத்திலை கல்சியம் குறைஞ்சா எலும்பிலையிருந்து எடுக்கும், சிறுநீரகத்தாலை போறதை மறிக்கும், விற்றமின் டி-யைத் தூண்டிக் குடலாலையும் எடுப்பிக்கும். அம்மாவுக்கு ஒண்டு கட்டியாகி, நிப்பாட்டாமல் சுரந்திருக்கு. எலும்பு கரைஞ்சதுதான் கல்லாக வந்திருக்கு! கழுத்து ஸ்கானிலை பிடிபட்டுது. அந்த ஒண்டை மட்டும் எடுத்திச்சினம்.

கரவெட்டியிலையிருந்து:
எனக்கு மறுவளம், அக்கா. கழலைக்குத் தைரொயிட்டை முழுசா எடுத்தவை. ரெண்டாம் நாள் ராத்திரி உதட்டைச் சுத்தி எறும்பு ஊருற மாதிரி, விரல் விறைப்பு. பயத்திலை எண்டு நினைச்சுப் பேசாமல் கிடந்தன். பிரஷர் பாக்கக் கையிலை பட்டியைக் கட்டி இறுக்க, விரலெல்லாம் கொக்கி மாதிரி மடங்கிப் போச்சு. நேர்ஸ் ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தா. பாராதைரொயிட் மயங்கிப் போச்சாம், கல்சியம் இறங்கிட்டுதாம். நாளத்தாலை ஏத்தினவை. தைரொயிட் எடுத்த ஆக்கள் விறைப்பெண்டா விடியும்வரை பாத்திருக்காதேங்கோ.

இன்னொண்டு. வீட்டை வந்து தைரொயிட் இல்லாததுக்குத் தந்த தைரொக்சின் குளிசையையும் கல்சியக் குளிசையையும் ஒண்டாப் போட்டன், டி.எஸ்.எச். 9க்கு ஏறிட்டுது, தைரொக்சின் காணாதெண்டு அர்த்தம். கல்சியம் தைரொக்சினை உறிஞ்ச விடாது. இப்ப விடிய வெறுவயித்திலை தைரொக்சின், 4 மணித்தியாலம் கழிச்சுத்தான் மற்றது.

லாப்பிலை வேலை செய்யிற ஒராள்:
முடி கொட்டுதெண்டு பயோட்டின் எண்ட விற்றமின் போடுற பிள்ளையள் ரத்தம் குடுக்க முதல் சொல்லுங்கோ. சில மெசினிலை டி.எஸ்.எச்., பாராதைரொயிட் ஹோர்மோன் ரெண்டையும் பொய்யாக் குறைச்சுக் காட்டும். கேட்டாத்தான் சொல்லுகினம், அதுவும் "அது மருந்தில்லையே" எண்டு.

முதல் எழுதின நான்:
அம்மா பயோட்டின் போடேல்லை, ஆனா கேக்கவேண்டிய கேள்விதான். கல்சியம் இப்ப 9.4. ஃபில்டர் தண்ணியிலை தேத்தண்ணி சப்பெண்டு இருக்காம். பழையபடி கிணத்திலைதான் அள்ளுறா.