ஆப்ஜெக்ட் வகைக்குள் லாம்டாவை வைத்தால் ஜாவா கம்பைலர் மறுக்கிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். குரூவி மொழியில் எழுதிய பழைய நிரல் ஒன்றை ஜாவா 17-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு மேப். சாவி ஸ்டிரிங், மதிப்பு ஆப்ஜெக்ட். எண், ஸ்டிரிங், குளோஷர் (குரூவியில் மதிப்பாகக் கையாளக்கூடிய நிரல் துண்டு) என்று கையில் கிடைத்ததையெல்லாம் அதற்குள் போட்டிருக்கிறார்கள். குரூவியில் ஓடியது. ஜாவாவில் அதே இடத்தில் லாம்டாவை, அதாவது பெயரில்லாத சிறு செயற்கூற்றைக் கொடுத்தால், ‘ஆப்ஜெக்ட் ஒரு ஃபங்ஷனல் இன்டர்ஃபேஸ் அல்ல’ என்கிற மாதிரி பிழை வருகிறது. எல்லாமே ஆப்ஜெக்ட்தானே, லாம்டா மட்டும் என்ன பாவம் செய்தது?

பதில்

ஓடும்போது லாம்டாவும் ஆப்ஜெக்ட்தான். சிக்கல் கம்பைல் ஆகும்போதே வந்துவிடுகிறது. ஜாவா 8-இல் லாம்டா வந்த நாள் முதலே அதற்குச் சொந்த வகை கிடையாது. போய் உட்காரும் இடத்தின் வகைதான் அதன் வகை. அந்த வகை ஃபங்ஷனல் இன்டர்ஃபேஸாக, அதாவது உடல் எழுதாத மெத்தட் ஒன்றே ஒன்று உள்ள இன்டர்ஃபேஸாக இருக்க வேண்டும். எதையும் வாங்காமல் 5-ஐத் தரும் லாம்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது சப்ளையராகவும் இருக்கலாம், காலபிளாகவும் இருக்கலாம்; இரண்டுமே எதையும் வாங்காமல் ஒரு மதிப்பைத் தரும் இன்டர்ஃபேஸ்கள். ஆப்ஜெக்ட் என்று மட்டும் சொன்னால் எந்த மெத்தடுக்கு அதை உடலாக வைப்பது? கம்பைலர் ஊகிக்காது. குரூவியில் குளோஷர் என்றே ஒரு கிளாஸ் இருப்பதால் இந்தக் கேள்வியே எழவில்லை.

லாம்டாவுக்கு முன்னால் சப்ளையர் என்று காஸ்ட் (‘இதை இந்த வகையாக எடுத்துக்கொள்’ என்ற குறிப்பு) போடுங்கள், போதும்.

கேட்டவர்

அதற்கு முன்பே, வகையைக் கம்பைலரே கண்டுபிடிக்கட்டும் என்று ‘வார்’ போட்டும் பார்த்தேன். வேறு பிழை வந்தது.

பதில்

வரத்தான் செய்யும். ‘வார்’ தன் வகைக்காக வலப்பக்கம் பார்க்கிறது, லாம்டா இடப்பக்கம் பார்க்கிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்! சி ஷார்ப் மொழியிலும் முன்பு இதே கதைதான். 2021-இல் வந்த 10-ஆம் பதிப்பில் லாம்டாவுக்கு இயல்பான வகை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். ஜாவாவில் அது இல்லை.

கேட்டவர்

சரி, காஸ்ட் போட்டதும் கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் மேப்பிலிருந்து எடுக்கும் இடத்தில், ஓடும்போது கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் (வகை பொருந்தாத பிழை). அங்கே காலபிள் என்று எடுக்கிறேன். இரண்டும் ஒரே வடிவம்தானே?

மற்றொருவர்

வடிவத்துக்கு மதிப்பில்லை, பெயருக்குத்தான். சப்ளையர் என்று காஸ்ட் செய்து உள்ளே போனது சப்ளையராகத்தான் வெளியே வரும். காலபிள் கட்டாயம் தேவையென்றால், எடுத்த சப்ளையரின் கெட் மெத்தடை மெத்தட் ரெஃபரன்ஸாக (மெத்தடைப் பெயரால் சுட்டுவது) கொடுங்கள்.

இன்னொன்று. இன்டீஜர் தரும் சப்ளையர் என்று காஸ்ட் செய்து எடுத்தால் வெறும் எச்சரிக்கைதான் வரும்; ‘இன்டீஜர் தரும்’ என்கிற ஜெனெரிக் விவரம் ஓடும்போது அழிந்துவிடுவதால் அதைச் சரிபார்க்க வழியில்லை. உள்ளே இருப்பது ஸ்டிரிங் தருவதாக இருந்தால், சம்பந்தமே இல்லாத வேறொரு வரியில் போய் வெடிக்கும். நானாக இருந்தால் அந்த மேப்பையே பிரித்துவிடுவேன். மதிப்பின் வகை சப்ளையர் என்று இருந்தால் காஸ்டும் வேண்டாம்.

கேட்டவர்

பிரித்துவிட்டேன், காஸ்ட் எல்லாம் போயிற்று. இரண்டு குளோஷர்கள் மட்டும் அளவுரு வாங்குகின்றன. அவற்றுக்கு ஃபங்ஷன் வகையில் தனி மேப். நன்றி.