புதுப்பிப்பு: ஏணியிலிருந்து விழுந்த அண்ணன்

மூன்று வாரத்துக்கு முன் எழுதியிருந்தேன்: சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பகுதியில் விளக்கு மாட்டும்போது ஏணி சறுக்கி, என் அறையில் இருக்கும் அண்ணன் தலையில் அடிபட விழுந்தார். ஆறடி உயரம்தான். ரத்தம் வரவில்லை என்று தைலம் தேய்த்துப் படுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் விடாத தலைவலி, வாந்தி, பேச்சில் குழறல். ஆம்புலன்ஸ் எண் 995-க்கு அழைத்தோம். ஸ்கேனில் மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. இந்தக் கசிவு மெதுவாகவும் நடக்குமாம். அறிகுறி தெரிய நாள்கள், வாரங்கள்கூட ஆகலாம். வெளியே காயமில்லை என்று அன்று நானும் நம்பினேன், அது இன்னும் உறுத்துகிறது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது நடக்கிறார்.

"நான்தானே கவனமில்லாமல் ஏறினேன், எப்படிக் கேட்பது?" என்று இழப்பீடு கேட்கத் தயங்கினார். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புச் சம்பளம் இரண்டும் உண்டு. விபத்து நடந்து 1 ஆண்டுக்குள் கோர வேண்டும். மனிதவள அமைச்சிடம் விண்ணப்பித்துவிட்டோம்.

அப்புறம், ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று கேட்டிருந்தீர்கள். போட்டிருந்தார், தாடைப் பட்டையை மாட்டவில்லை. விழும்போதே கழன்றுவிட்டது. ஏணிக் காலின் ரப்பரும் தேய்ந்திருந்தது, கீழே பிடிக்கவும் ஆளில்லை.

ஊரில் அண்ணியிடம் நேற்றுதான் சொன்னோம்.