ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்: மூன்றாவது பனுவலுக்கு யோசனை வேண்டும்

ஆஸ்திரேலியப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம்.

ஐந்து வாரப் பாடம், வாதத்தின் மொழி பற்றியது. இரண்டு உரைகள் முடிவாகிவிட்டன: 1992 டிசம்பர் 10 அன்று சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடிகளுக்கு இழைத்த அநீதி பற்றி அப்போதைய பிரதமர் பால் கீட்டிங் பேசியது, 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில், குடும்பங்களிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளிடம் அப்போதைய பிரதமர் கெவின் ரட் கேட்ட மன்னிப்பு. இரண்டிலும் ‘வீ’ (நாம்) என்ற சொல்லை வட்டமிடச் சொன்னாலே ஒரு வகுப்பு ஓடிவிடும். நிலத்தைப் பறித்தது நாம்தான் என்று கீட்டிங் எழுவாயை மறைக்காமல் சொல்கிறார். அதைச் செயப்பாட்டு வினையில் மாற்றி எழுத வைத்தால், பறித்தவர் வாக்கியத்திலிருந்து நழுவிப்போவது பிள்ளைகளுக்கே பளிச்சென்று தெரியும்.

சிக்கல், இரண்டுமே வெள்ளைப் பிரதமர்களின் குரல். உலகம் உருவானதைச் சொல்லும் பூர்வகுடிகளின் கனவுக்காலக் கதை ஒன்றைச் செருகிச் சமாளித்தால், பூர்வகுடிகள் என்றால் பழங்காலம் என்றே மனத்தில் பதியும்.

வட ஆஸ்திரேலியாவில் உள்ள யிர்க்காலாவின் 1963 மரப்பட்டை மனுவை யோசிக்கிறோம். பாக்சைட் சுரங்கத்துக்கு நிலம் எடுத்ததை எதிர்த்து அங்குள்ள பூர்வகுடிகளான யோல்ங்கு மக்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து, சுற்றிலும் ஓவியம் தீட்டிய மரப்பட்டையில் ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அந்த ஓவியமே நில உரிமைக்கான வாதம். தாளை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால் பாதி போய்விடும். இன்னொன்று, அரசியல் சட்டத்தில் தங்களுக்கு ஒரு குரல் வேண்டும் என்று பூர்வகுடிகள் கேட்ட 2017 உலுரு அறிக்கை. ஒரே பக்கம்தான், ஆனால் அந்தக் கோரிக்கை மீது நடந்த 2023 வாக்கெடுப்புச் சண்டைக்குள் வகுப்பு போய்விடலாம்.

மனுவை யாராவது நடத்தியிருக்கிறீர்களா? எத்தனை பாடவேளை பிடித்தது? ஓவியத்தை விளக்க உள்ளூர் மூத்தவரை அழைத்தவர்கள், மதிப்பூதியத்தைப் பள்ளியில் எந்தக் கணக்கில் போட்டீர்கள்?