உலாவியை மாற்றிப் பார்க்கிறேன்: வேகமா, தனியுரிமையா?

தாவல்நூறு எழுதியது:

பல ஆண்டுகளாகக் குரோம் உலாவியைத்தான் பயன்படுத்தி வந்தேன். நீட்சிகளுக்கான (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்களுக்கான) விதிகளை அவர்கள் மாற்றியதில் நான் பெரிதும் நம்பியிருந்த யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் செயலிழந்துபோன பிறகுதான் வேறு உலாவியைத் தேடும் எண்ணமே வந்தது. கடந்த மூன்று வாரங்களாகப் பிரேவையும் பயர்ஃபாக்ஸையும் ஒரே மடிக்கணினியில் நிறுவி, ஒரு நாள் இது, மறுநாள் அது என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன்.

நான் காலையில் படிக்கும் ஒரு செய்தித் தளம் இருக்கிறது. குரோமில் அதைத் திறந்தால், எழுத்துகள் வந்து நின்ற பிறகும் விளம்பரப் பெட்டிகள் ஒவ்வொன்றாக நுழைந்து பத்திகளைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். விட்ட வரியைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை. பிரேவில் அதே பக்கம் சட்டென்று வந்து அசையாமல் நின்றது. முகவரிப் பட்டையில் உள்ள சிங்கச் சின்னத்தைச் சொடுக்கினால், அந்த ஒரு பக்கத்தில் மட்டும் 38 விளம்பர, கண்காணிப்புக் கூறுகளைத் தடுத்ததாகக் காட்டியது.

பயர்ஃபாக்ஸில் நடந்தது வேறு. தனியுரிமையைப் பற்றிப் படித்த ஆர்வத்தில், அதன் உள் அமைப்புப் பக்கத்துக்குப் போய்க் கைரேகை எதிர்ப்பை (கணினியின் தனித்தன்மைகளைக் கொண்டு தளங்கள் ஆளை அடையாளம் காண்பதைத் தடுக்கும் வசதியை) முழுமையாக இயக்கிவிட்டேன். மறுநாள் இணைய நாட்காட்டியில் என் கூட்டங்கள் எல்லாம் வேறு மணிகளுக்குக் குதித்திருந்தன. ஒரு தளத்தில் என் புகைப்படத்தைப் பதிவேற்றினால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணக் கோடுகள்தாம் தெரிந்தன. இன்னொரு தளம் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் என்னைப் புது ஆளாகக் கருதிக் குறுஞ்செய்திக் குறியீடு கேட்கிறது. உலாவியின் வேகத்தை அளக்கும் ஸ்பீடோமீட்டர் 3 சோதனையில் என் கணினியில் குரோம் முன்னேயும் பயர்ஃபாக்ஸ் சற்றுப் பின்னேயும் இருந்தன, ஆனால் கண்ணால் பார்க்கும்போது அந்த வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

தனியுரிமை வேண்டுமென்றால் வேகத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா? அப்படியானால் எவ்வளவு?

நிரல்நெசவு பதிலளித்தது:

முதலில் உங்கள் சோதனையைப் பற்றி ஒரு சொல். புதிதாக நிறுவிய எந்த உலாவியும் வேகமாகத்தான் தோன்றும், ஏனென்றால் பழைய உலாவியில் நீங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த நீட்சிகளும் பின்னணியில் திறந்தே கிடக்கும் தாவல்களும் (உங்கள் பெயரைப் பார்த்தால் அவை குறைவாக இருக்காது என்று தோன்றுகிறது) புதியதில் இல்லை. குரோமிலேயே புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கி, அதில் புதிய விதிகளுக்கு ஏற்ற எளிய வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட்டை மட்டும் சேர்த்து, அந்தச் செய்தித் தளத்தை மறுபடியும் திறந்து பாருங்கள். நீங்கள் வியந்த வேகத்தில் பெரும்பகுதி அங்கேயும் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வியிலேயே ஒரு பிழையான முன்முடிவு இருக்கிறது. அன்றாட உலாவலில் தனியுரிமையும் வேகமும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. கண்காணிப்பு நிரல் என்பதும் இறக்கி, படித்து, இயக்க வேண்டிய ஒரு நிரல்தானே. அதைத் தடுத்தால் வலைப்பின்னலுக்கும் செயலிக்கும் அவ்வளவு வேலை மிச்சம். உருவாக்குநர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் கோரிக்கைகளின் எண்ணிக்கையைத் தடுப்பானோடும் தடுப்பான் இல்லாமலும் ஒப்பிட்டால் இது கண்கூடாகத் தெரியும்.

மெய்யான மோதல் சில இடங்களில் மட்டுமே உண்டு. ஒன்று, முன்கூட்டியே ஏற்றுதல். நீங்கள் சொடுக்கக்கூடும் என்று ஊகித்து உலாவி ஒரு பக்கத்தை முன்பே இறக்கி வைத்தால் அது நொடியில் திறக்கும். ஆனால் நீங்கள் போகாமலே விட்ட தளத்தோடும் உங்கள் கணினி பேசியிருக்கக்கூடும். முகவரிப் பட்டையில் நீங்கள் தட்டும் எழுத்துகள் பரிந்துரைக்காகத் தேடுபொறிக்கு அனுப்பப்படுவதும் இதே வகைதான்.

மற்றொன்று தற்காலிகச் சேமிப்பு. முன்பெல்லாம் ஒரு தளத்துக்காக இறக்கிய எழுத்துருவையோ நிரலையோ, அதையே கேட்கும் அடுத்த தளத்துக்கும் உலாவி எடுத்துக் கொடுத்துவிடும். வேகத்துக்கு நல்லதுதான், ஆனால் ஒரு கோப்பு எவ்வளவு விரைவாக வந்து சேர்கிறது என்பதை அளந்தே, நீங்கள் இதற்கு முன் எங்கே போயிருந்தீர்கள் என்பதை ஒரு தளம் கண்டுபிடித்துவிட முடிந்தது. அதனால் சஃபாரி 2013இலேயே இந்தச் சேமிப்பைத் தளத்துக்குத் தளம் பிரித்தது. குரோம் 2020இல் 86ஆம் பதிப்பிலும், பயர்ஃபாக்ஸ் 2021 ஜனவரியில் 85ஆம் பதிப்பிலும் அதையே செய்தன. ஒரே கோப்பை இப்போது ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக இறக்க வேண்டியிருக்கிறது. அதனால் உலாவல் மெதுவாகிவிட்டது என்று யாராவது உங்களிடம் குறைப்பட்டதுண்டா? என்னிடம் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஐயவாதி பதிலளித்தது:

வேகத்தைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் உலாவியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை உருவாக்கியவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நீங்கள் திறந்த தளம் அல்லாத பிறர் உங்கள் உலாவியில் வைக்கும் அடையாளக் குறிப்புகளை) இரண்டு ஆண்டுகளுக்குள் கைவிடப்போவதாகக் கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பலமுறை தள்ளிவைத்துவிட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அதே 2020இன் மார்ச்சிலேயே சஃபாரி அவற்றை முழுமையாகத் தடுத்துவிட்டது. தொழில்நுட்பம் கையில் இல்லாததால் வந்த தாமதம் அன்று இது. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் தன் காலடி மண்ணைத் தானே தோண்டுமா?

மற்றவர்களும் துறவிகள் அல்லர். பயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருவாயில் பெரும்பங்கு, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகுளே தரும் பணம். பிரேவில் சில கிரிப்டோ நாணயத் தளங்களின் முகவரியைத் தட்டினால், அந்நிறுவனத்துக்கு வருவாய் தரும் பரிந்துரைக் குறியீடு தானாக ஒட்டிக்கொள்வதைப் பயனர்கள் 2020 ஜூனில் கண்டுபிடித்தார்கள். அது தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். இதையெல்லாம் மீறி, விளம்பரத் தடுப்பானை நீட்சியாக வைக்காமல் உலாவிக்குள்ளேயே ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதி வைத்தது பிரேவின் நல்ல முடிவு என்பேன், ஏனென்றால் நீட்சி விதிகள் மாறினாலும் அந்தத் தடுப்பான் அசையாது.

இருந்தாலும் பிரேவ், எட்ஜ், ஓப்பரா, விவால்டி எல்லாம் ஓடுவது கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற திறந்த மூல உலாவி நிரலின் மேல்தான். வண்டியின் வண்ணம் வேறாக இருந்தாலும் எஞ்சின் ஒன்றே. கெக்கோ என்ற தனி எஞ்சினை வைத்திருப்பதற்காகவே நான் பயர்ஃபாக்ஸில் இருக்கிறேன். இதில் கொஞ்சம் பிடிவாதமும் உண்டு என்பதை மறைக்கவில்லை.

மறைசாளரம் பதிலளித்தது:

தாவல்நூறு அவர்களே, உங்கள் நாட்காட்டி கெட்டுப்போகவில்லை. முழுமையான கைரேகை எதிர்ப்பை இயக்கினால், பயர்ஃபாக்ஸ் உங்கள் நேர மண்டலத்தை மறைத்து, எல்லாத் தளங்களிடமும் உலகப் பொது நேரத்தையே சொல்லும். அதனால்தான் கூட்டங்கள் இடம்பெயர்ந்தன. புகைப்படத்தில் வந்த கோடுகளுக்கும் காரணம் அதுவே. கணினி ஒரு படத்தை வரையும் விதத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு ஆளை அடையாளம் காண முடியும் என்பதால், தளம் அந்தப் படத்தைத் திருப்பிப் படிக்கும்போது உலாவி வேண்டுமென்றே பொய்யான தரவைத் தருகிறது. உங்கள் படத்தைச் சிறிதாக்கிக் காட்ட முயன்ற தளத்துக்கு அந்தப் பொய்தான் கிடைத்திருக்கிறது.

கைரேகை என்பது குக்கீயைப் போல அழித்துவிடக்கூடிய பொருள் அன்று. திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர மண்டலம் என்று தனித்தனியாகப் பார்த்தால் அற்பமான செய்திகள், ஒன்றாகச் சேரும்போது ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டிவிடுகின்றன. இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட பனாப்டிக்ளிக் ஆய்வில், சோதிக்கப்பட்ட உலாவிகளில் 83.6 விழுக்காடு வேறெதனோடும் ஒத்துப்போகாத கைரேகை கொண்டவையாக இருந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: தனியுரிமைக்காக என்று அரிய நீட்சிகளையும் விசித்திரமான அமைப்புகளையும் நாம் அடுக்க அடுக்க, கூட்டத்தில் இன்னும் தனியாகத் தெரிய ஆரம்பிக்கிறோம்.

பயனர் யார் என்பதை மறைப்பதற்கென்றே உருவான டோர் உலாவி இதற்கு நேர்மாறான வழியில் போகிறது. தன் பயனர்கள் அனைவரையும் ஒரே மாதிரி தோன்றச் செய்வதற்காக, பக்கம் காட்டப்படும் பரப்பைக்கூட அகலத்தில் 200, உயரத்தில் 100 படப்புள்ளிகளின் மடங்குகளாக வெட்டிச் சுற்றிலும் சாம்பல் ஓரம் விடுகிறது. போக்குவரத்தை மூன்று இடைநிலைக் கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புகிறது. நீங்கள் கேட்ட மெய்யான வேக இழப்பை அங்கேதான் காண்பீர்கள். உயிருக்கோ வேலைக்கோ ஆபத்துள்ள செய்தியைக் கையாள்பவருக்கு அந்த விலை நியாயமானது. நாட்காட்டி பார்க்க அது தேவையில்லை.

ஆகவே அந்த முழு எதிர்ப்பை அணைத்துவிடுங்கள். அமைப்புகளில் கண்காணிப்புத் தடுப்பைக் கண்டிப்பான நிலைக்கு மாற்றினாலே அன்றாடத்துக்குப் போதும். ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி ஜாடியில் அடைக்கும் ஏற்பாடு 2022 முதல் பயர்ஃபாக்ஸில் இயல்பாகவே இருக்கிறது. பத்துத் தளங்களுக்கு ஒன்று அங்கங்கே முரண்டு பிடித்தால், முகவரிப் பட்டையில் உள்ள கேடயச் சின்னத்தைச் சொடுக்கி, அந்தத் தளத்துக்கு மட்டும் தளர்த்திக்கொள்ளலாம்.

தாவல்நூறு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குரோமில் புதிய சுயவிவரம் திறந்து பார்த்தேன். நிரல்நெசவு சொன்னது அப்படியே நடந்தது, சற்று வெட்கமாகவும் இருந்தது. என் பழைய சுயவிவரத்தில் 23 நீட்சிகள் இருந்தன, அவற்றில் ஏழின் பெயரைப் படித்தும் எதற்காக நிறுவினேன் என்று நினைவுக்கு வரவில்லை. பழுது என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

பயர்ஃபாக்ஸில் முழு எதிர்ப்பை அணைத்ததும் கூட்டங்கள் தத்தம் மணிக்குத் திரும்பிவிட்டன, புகைப்படமும் சரியாக ஏறியது. கண்டிப்பான நிலையோடு யூபிளாக் ஆரிஜினை மட்டும் சேர்த்து அதையே அன்றாட உலாவியாக வைத்துக்கொள்கிறேன். குறுஞ்செய்திக் குறியீடு கேட்கும் தளம் இன்னமும் கேட்கிறது. உலாவியை மூடும்போது குக்கீகளை அழிக்கும்படி நானே தேர்ந்தெடுத்திருந்ததை இதை எழுதும்போதுதான் கவனித்தேன், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்கப் போகிறேன். இன்று இரவு கடவுச்சொற்களைக் குரோமிலிருந்து கோப்பாக எடுத்துப் புதியதில் ஏற்ற எண்ணியிருக்கிறேன். அதில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மறைசாளரம் பதிலளித்தது:

உண்டு. அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் எந்த மறையாக்கமும் இல்லாமல் வெறும் உரையாகவே இருக்கும், யார் திறந்தாலும் படிக்கலாம். மேகச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் கோப்புறையில் அதை இறக்காதீர்கள். ஏற்றி முடித்து, இரண்டு மூன்று தளங்களில் உள்நுழைந்து சரிபார்த்த கையோடு கோப்பை நீக்கிவிட்டு, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.