தொட்டியில் வைத்த ஃப்ரிட்டிலேரியா பூக்கவில்லை, வழி சொல்லுங்கள்

இங்கிலாந்தில் தோட்டம் போடுகிறவர்களிடம் ஒரு உதவி வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் மாட்லின் கல்லூரிப் புல்வெளியில் ஒரு ஏப்ரல் மாதம் ஃப்ரிட்டிலேரியா என்ற இந்தக் கிழங்குச் செடியின் பூக்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு அவற்றின் மேல் தீராத ஆசை. தலைகவிழ்ந்த மணி போன்ற பூ, அதில் ஊதாவும் வெளிர்நிறமுமாகச் சதுரங்கக் கட்டம். யாரோ தூரிகையால் வரைந்தது போலவே இருக்கும்.

போன வருடத்துக்கு முந்தைய அக்டோபரில் 20 கிழங்குகளை 10 செ.மீ. ஆழத்தில் நட்டேன். பாதி தரையில், பாதி தொட்டியில். முதல் வசந்தத்தில் எல்லாமே பூத்தன. இந்த வருடம் தரையில் உள்ளவை பூத்துவிட்டன, தொட்டியில் புல் மாதிரி மெல்லிய இலை மட்டும்தான். ஒரு கிழங்கைத் தோண்டிப் பார்த்தேன். வாங்கும்போது சின்ன வெங்காயம் அளவு இருந்தது, இப்போது கொண்டைக்கடலை அளவுதான். மனசே கேட்கவில்லை.

கோடையில் தொட்டி மண் காய்ந்து ஓரம் விட்டுப்போயிருந்தது. ஈரப் புல்வெளிச் செடி என்பதால் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இலை பழுக்கும் முன்பே வெட்டியும்விட்டேன். இந்தச் சிறு கிழங்குகளைத் தரைக்கு மாற்றினால் தேறுமா? எத்தனை வருடம் ஆகும்? தொட்டியிலேயே வைத்தால் கோடையில் எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள்?

அப்புறம், இலையில் சிவப்பு லில்லி வண்டுகள் வருகின்றன. தினமும் கையால் பொறுக்குகிறேன். மருந்தடிக்காமல் சமாளித்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.