வைரம் பாய்ந்த கட்டைக்கு எந்தச் செயின்?

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

காய்ந்து வைரம் பாய்ந்த அடிமரத்தை அறுக்க மோட்டார் செயின் ரம்பத்துக்குப் புதுச் செயின் வேண்டும், 16 அங்குலம் போதுமா என்று தம்பி கேட்டிருந்தார். தம்பி, நீளத்தை மட்டும் சொல்லிச் செயின் வாங்காதீர்கள். பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), கேஜ், டிரைவ் லிங்க் (செயினின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்குக் கண்ணி) எண்ணிக்கை மூன்றும் தெரிய வேண்டும். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரைக் கழற்றி, எஞ்சினுக்குள் செருகும் வால் பக்கத்தில் எண்ணெய்க் கசடைத் துடைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் அங்கேயே பொறித்திருப்பார்கள். அழிந்திருந்தால் பழைய செயினை மேசையில் நீட்டிப் போட்டு, அடுத்தடுத்த மூன்று ரிவெட்டில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தை அளந்து பாதியாக்குங்கள். அதுதான் பிட்ச். 3/8 அங்குலம் என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைலா, சாதாரணமா என்றும் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று சேராது.

கேஜ் என்பது பார் பள்ளத்துக்குள் ஓடும் நாக்கின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என்று வரும். 1.5 பள்ளத்தில் 1.3 செயினை நானே ஒருமுறை மாட்டிவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் ஓடியது. மரத்துக்குள் போனதும் செயின் ஒரு பக்கம் சாய்ந்து, அறுப்பு அரிவாள் போல வளைந்து, பாதியில் பார் இறுகிக்கொண்டது. ஆப்பு அடித்து அதை வெளியே எடுக்க ஒரு மதியமே போயிற்று.

அடுத்தது பல். ஃபுல் சிசல் என்ற வகைப் பல்லின் முனை சதுரமாக இருக்கும். சுத்தமான பச்சை மரத்தில் பறக்கும். ஆனால் அந்த முனை மெல்லியது, பட்டையில் ஒட்டிய மண் பட்டாலே மழுங்கும். காய்ந்த கடின மரத்துக்கு முனை உருண்ட செமி சிசல்தான் என் தேர்வு. வேகம் கொஞ்சம் குறையும், கூர் நெடுநேரம் நிற்கும். தேக்கு மாதிரி மரத்துக்குள்ளேயே சிலிக்கா இருந்தால் மண்ணே படாவிட்டாலும் பல் தேயும். கார்பைடு முனைச் செயின் இன்னும் உழைக்கும். ஆனால் அதைத் தீட்ட வைரச் சக்கரம் வேண்டும், ஆணியில் பட்டால் முனை பெயர்ந்துவிடும். வீட்டு வேலைக்கு அது வேண்டாம்.

அரம் போடும்போது வழக்கமான 30 பாகைக்குப் பதில் 25 வையுங்கள், கடின மரத்தில் விளிம்பு தாங்கும். ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்னத் திமில் இருக்கிறதே, அதை அதிகம் தேய்த்தால் நன்றாகக் கடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பல்லைவிட 0.65 மி.மீ. அளவே தாழ்ந்திருந்தால் போதும். அதைவிட அதிகம் தாழ்ந்தால் செயின் மரத்தைக் கவ்வி இழுக்கும், ரம்பம் முகத்தை நோக்கி எகிறும் ஆபத்தும் கூடும்.

செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மறந்துவிடாதீர்கள். செயின் உட்காரும் இடத்தில் அரை மி.மீ. பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்; தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைச் சீக்கிரம் கெடுத்துவிடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது நல்ல கணக்கு. பாரின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பிசிர் தட்டினால் தட்டை அரத்தால் எடுத்துவிட்டு, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள்.

பாரின் வாலில் இருக்கும் எண்களை எழுதி அனுப்புங்கள் தம்பி. டிரைவ் லிங்கை மட்டும் செயினிலேயே ஒருமுறைக்கு இருமுறை எண்ணிவிடுங்கள். பார்த்துச் சொல்கிறேன், அதன் பிறகு வாங்கலாம்.