ஹைக்கூவின் பருவத்தை அரூப மரச்செதுக்கு அச்சில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
ஜப்பானிய ஹைக்கூக்களை அடிப்படையாகக் கொண்டு, பருவத்துக்கு ஒன்றாக நான்கு அரூப மரச்செதுக்கு அச்சுகளைச் செய்துவருகிறேன். வசந்தத்துக்கு இளஞ்சிவப்பு, குளிர்காலத்துக்கு வெள்ளை என்று போனால் அது நாட்காட்டிப் படமாகிவிடுகிறது. அவற்றை அறவே விலக்கினாலோ, எந்தப் பருவம் என்பதே பார்ப்பவருக்குப் பிடிபடுவதில்லை. இலையற்ற கிளையில் காகம் வந்தமர்ந்திருக்கும் இலையுதிர்காலத்து அந்தியைப் பற்றிய பாஷோவின் கவிதையை இப்போது எடுத்திருக்கிறேன். கிளையும் காகமும் இல்லாமல் இதை எப்படி அணுகலாம்?

பதில் 1:
அந்தக் கவிதையின் உயிர் காகத்தில் இல்லை என்பது என் கருத்து. கைக்கு எட்டும் சிறிய கரிய பொருள் ஒன்றும் எல்லையில்லாத அந்தியும் அதில் அருகருகே வைக்கப்படுகின்றன. இரண்டுக்கும் என்ன உறவு என்பதைக் கவிஞர் சொல்லாமல் விடுகிறார். ஆகவே அந்த விகிதத்தையும் இடைவெளியையும் எடுத்துக்கொள்ளுங்கள்: விளிம்பு கூர்மையான சிறு கருமை ஒன்று, மையத்தை விட்டு விலகியிருக்கட்டும்; மீதி முழுவதும் ஒரே நிறத்தின் மெல்லிய ஏற்ற இறக்கமாகவே இருக்கட்டும். ஓன்சி கோஷிரோவின் அச்சுகளை அவசியம் பாருங்கள். 1915இல் அவர் செய்த 'ஒளிமிக்க நேரம்' ஜப்பானின் முதல் அரூப அச்சுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. வரைதல், செதுக்குதல், அச்சிடுதல் மூன்றையும் கலைஞர் ஒருவரே செய்ய வேண்டும் என்ற சோசாகு ஹங்கா இயக்கத்தின் முன்னோடி அவர். பிற்காலத்தில் இலை, நூல், அட்டை போன்றவற்றையும் அச்சுக் கட்டைகளாகப் பயன்படுத்தினார்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் அச்சு மட்டுமே பருவத்தைச் சொல்லிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஹைக்கூவில் நிலவு என்று மட்டும் வந்தால் அது இலையுதிர்காலம், தவளை என்றால் வசந்தம். சாய்ஜிகி எனப்படும் பருவச்சொல் தொகுப்புகளைக் கவிஞரும் வாசகரும் அறிந்திருப்பதால்தான் அங்கே ஒரு சொல்லே போதுமானதாகிறது. அரூபத்துக்கு அப்படியொரு பொது அகராதி இல்லை. கவிதையைத் தலைப்பாகவோ அச்சின் ஓரத்திலோ வைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

பதில் 3:
செய்முறையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் பருவம் காகிதத்தின் ஈரத்திலும் கையழுத்தத்திலும் வரக்கூடியது. அந்திக்குப் பொக்காஷி முறையே பொருத்தம்: பலகையை ஈரத் துணியால் நனைத்து, தூரிகையின் ஒரு முனையில் மட்டும் சாயம் எடுத்துக் குறுக்கே இழுத்தால், நிறம் கோடு தெரியாமல் கரைந்து மறையும். அரிசிப் பசையைக் குறைத்து, பாரெனை, அதாவது காகிதத்தின் பின்புறம் தேய்க்கும் வட்டத் திண்டை, லேசாக அழுத்தினால் எள் தூவியது போன்ற புள்ளிகள் விழும். காய்ந்த காற்றின் உணர்வுக்கு அது நன்றாக அமையும். பலகையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் மர ரேகைகள் மேலெழுந்து, அவையும் அச்சில் பதியும். குளிர்காலத்துக்கு வெள்ளைச் சாயம் வேண்டாம். பனியைக் காட்ட உகியோ-எ எனப்படும் பழைய ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களின் அச்சுக்காரர்கள் கையாண்ட, சாயமே இல்லாமல் அழுத்தி மேடு பள்ளம் மட்டும் எழுப்பும் கராசூரியைச் செய்துபாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியும். அதற்குத் தடித்த கோஸோ காகிதம், அதாவது கோஸோ மரப்பட்டை நாரால் செய்யும் ஜப்பானியக் காகிதம், தேவை. அதை முந்தைய நாளே நனைத்து அடுக்கி வைத்தால்தான் ஈரம் சீராகப் பரவியிருக்கும். கருமையைக் கடைசியில் அச்சிடுங்கள், அதற்குள் பொக்காஷியின் ஈரம் சற்று அடங்கியிருந்தால் விளிம்பு கசியாது.